இரண்டாவது தட்டு, மூன்றாவது பேனா

1

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாக வந்தது.

மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, ரயில் ஜன்னலில் வருகிறது. எனக்கு அப்படிக் கௌரவமான பிறப்பு எதுவும் வாய்க்கவில்லை. சில நாட்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கற்பூர வாசனை வர வேண்டிய கதவிடுக்கிலிருந்து வேறு ஏதோ ஒரு வாடை வந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இது கதையாகிவிடுமோ என்று அப்போதே பயந்தேன். வீட்டில் நேராகச் சொல்ல முடியாத எதுவும் எனக்குக் கதையாகிவிடும். அது என் வியாதி.

அலமாரியில் இருப்பவை மைப்பேனாக்கள். செல்லுலாய்டு குச்சியைக் கையால் கடைந்து செய்தவை. செல்லுலாய்டு என்பது பஞ்சையும் அமிலத்தையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்கிற பழைய காலத்துப் பொருள். தேன் நிறம், ஆமையோட்டு நிறம், முத்து நிறம் என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் இன்றைய பிளாஸ்டிக் போல அது சும்மா கிடக்காது. வருஷக்கணக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பேனா நன்றாக இருக்கும்வரை அந்த மூச்சு கற்பூரமாக மணக்கும். எங்கேயோ ஒரு பேனா உள்ளுக்குள் அழுக ஆரம்பித்தால் மூச்சு அமிலமாகும். அது பக்கத்துப் பேனாவின் உலோகத்தை அரிக்கும், பிறகு உடலையும் கெடுக்கும். மூடிய அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால் போதும்.

(இந்தப் பத்தி பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எடுக்க மாட்டேன். இது தெரியாவிட்டால் இனி நடக்கப்போகிற எதுவும் உங்கள் வயிற்றைக் கலக்காது.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'வைர வியாபாரி ஒருவருக்குப் பேனாக்கள் என்றால் உயிர். அவருடைய மாளிகையில்—'

வேண்டாம். எனக்கு வைர வியாபாரி யாரையும் தெரியாது. மாளிகைக்குள் போனால் செருப்பை எங்கே விடுவது என்றும் தெரியாது.

'தனிமையில் வாழ்ந்த பேராசிரியர் தன் பேனாக்களோடு மட்டுமே பேசுவார்.'

பேசாத பேராசிரியரை யார் நம்புவார்கள்?

'அவர் தினமும் காலையில் அலமாரியைத் திறப்பார். தலையை உள்ளே விட்டு ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்.'

இது நிற்கிறது. காரணம், இது கற்பனை இல்லை. அந்த 'அவர்' என் வீட்டுக்காரர்.

3

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு வளைந்தால் சோறு இறங்காது. ஆனால் பேனா சேர்க்கிறவர்கள் மத்தியில் அவருக்கு வேறு பெயர்: 'மூக்கு'. யாருக்காவது ஒரு பேனாவில் சந்தேகம் என்றால், "மூக்குகிட்ட காட்டிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். அவர் பேனாவை வாங்கி, கட்டைவிரலால் அதன் உடலைச் சூடேறத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோவார். செல்லுலாய்டா, பிளாஸ்டிக்கா, சரியாகக் காய்ந்த குச்சியா, அவசரத்தில் கடைந்ததா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மூச்சில் பதில் வரும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் அவருக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் போனது, கூடவே மோப்பத்தையும் கொண்டுபோனது.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் தீய்ந்தது. மாடி வரை வாடை. ஓடி வந்து பார்த்தால், அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அவர் நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார்.

யோசனை காதை அடைக்கலாம். மூக்கை அடைக்குமா? அன்றிலிருந்து கவனித்தேன். சாப்பாட்டில் உப்பு, உறைப்பு மட்டும் சொல்கிறார். சோப்பு மாறியதைச் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் அலமாரியைத் திறக்கிறார், தலையை உள்ளே விடுகிறார், மூச்சு இழுக்கிறார். "நல்லா இருக்கு." அந்த நேரத்தில் நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. பார்க்கத் தாங்காது.

4

இனி பல் டாக்டர் வர வேண்டும்.

அவரும் பேனா பைத்தியம்தான். பகல் முழுக்க முகமூடியும் கிராம்பெண்ணெயுமாக நிற்பதால், கிராம்பைத் தவிர வேறு எதுவும் அவர் மூக்குக்கு எட்டாது. அதனால் என் வீட்டுக்காரர் மோந்து சொல்லாமல் ஒரு பேனாவைக்கூட வாங்க மாட்டார், விற்க மாட்டார். போன மாதம் ஒரு பேனாவோடு வந்தார். தேன் நிறத்தில் கறுப்பு வரிகள். நானே ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், அவ்வளவு அழகு.

"சார், ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

இவர் தேய்த்தார். கண்ணை மூடினார். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் நிற்கிறேன். தேநீரின் ஆவியையும் தாண்டி அந்த வாடை என்னை வந்து தொட்டது.

"கற்பூரம்" என்றார் இவர். "சுத்தமான சரக்கு."

"அதானே! இந்த மூக்குக்கு ஈடு ஏது?" என்று டாக்டர் தொடையைத் தட்டினார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பேனாவைப் பயபக்தியோடு கைமாற்றுகிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு மூக்கு இல்லை. இருந்த ஒரே மூக்கு தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். தட்டை ஓசைப்படாமல் மேஜையில் வைத்தேன்.

விருந்தாளி முன்னால் வீட்டுக்காரரின் மூக்கை உடைக்க மனம் வரவில்லை. இவருக்கோ அந்த வரிப் பேனா பிடித்துப்போயிற்று. தன்னிடமிருந்த இரண்டு பச்சைப் பேனாக்களைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். இரண்டாவது தட்டில், மூன்றாவது இடத்தில் வைத்தார். தூசி நுழையக் கூடாதென்று போன வருஷம் கதவு விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார். கதவு இறுக்கமாகச் சாத்திக்கொண்டது.

5

'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்பீர்கள். சொன்னேன். அலமாரியைத் துடைத்த அன்றே, அவர் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏங்க, அந்த வரிப் பேனா ஏதோ மாதிரி வாடை அடிக்குதுங்க."

"மை வாடையா இருக்கும்."

"மை இல்ல. மூக்குல குத்துது."

மைக்கூட்டை மூடினார். அது மூட வேண்டிய அளவைவிட அதிகமாக இறுகியது.

"இந்த வீட்டுல வாடை சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்கேன்ல?"

எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தப் பேனாவை எடுத்தார். தேய்த்தார். மூக்கருகே பிடித்தார். இந்தமுறை கண்ணை மூடவில்லை. பேனாவையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரின் முகத்தைப் பையன் பார்ப்பானே, அப்படி.

"கற்பூரம்" என்றார். பிறகு காத்திருந்தார்.

எத்தனையோ பக்கம் வசனம் எழுதியவள் நான். அந்த இடத்தில் எனக்கு வந்த வசனம் இதுதான்:

"எனக்குத்தான் சளி பிடிச்சிருக்கு போல."

"மாத்திரை போட்டுக்கோ" என்றார். பேனாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

6

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. டாக்டரை வில்லனாக்கிவிடலாமா? அழுகல் பேனா என்று தெரிந்தே தள்ளிவிட்டார், இவருடைய மூக்கைச் சோதித்தார், என்று எழுதினால் கதை சூடு பிடிக்கும். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன்:

'டாக்டரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு நெளிந்தது. அவருக்குத் தெரி—'

அடித்துவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. நேற்று அவர் தொலைபேசியில் பேசியதை வைத்துச் சொல்கிறேன். ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறாராம். தன்னுடைய பேனாக்கள் மொத்தத்தையும் இன்று சாயங்காலம் கொண்டுவந்து எங்கள் அலமாரியில் வைக்கப்போகிறார்.

"வேற எங்க சார் வைப்பேன்? உங்க மூக்கு காவல் இருக்கற இடத்துல வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"கொண்டாங்க, கொண்டாங்க" என்றார் இவர். மூன்றாவது தட்டை நேற்றே காலி செய்துவிட்டார்.

ஆக, வில்லன் இல்லாமலே கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது.

இன்று காலை, அவர் முடி வெட்டிக்கொள்ளப் போனதும், அலமாரியைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. வரிப் பேனாவுக்குப் பக்கத்தில், நான்காவது இடத்தில், ஒரு நீலப் பேனா இருக்கிறது. என் முதல் புத்தகம் வந்தபோது எனக்காக அவர் கடையச் சொன்னது. குச்சியைத் தானே தேர்ந்தெடுத்து, அது காய்கிற வரை இரண்டு வருஷம் பொறுத்திருந்து செய்யச் சொன்னார். நான் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை, கெட்டுவிடும் என்று பயம். பால்பாயிண்டில்தான் எழுதுகிறேன். பேனாக்காரர் வீட்டில் பால்பாயிண்ட் என்று வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள்.

அந்த நீலப் பேனாவின் கிளிப்பில் பச்சை பூத்திருக்கிறது. மூடியருகே நீலம் கலங்கியிருக்கிறது, மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

அழுதேன். கதையில் இதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே இருக்கட்டும்.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: மனைவி வரிப் பேனாவைத் திருட்டுத்தனமாக எடுத்து அப்புறப்படுத்துகிறாள். நடக்காது. அவர் தினமும் அலமாரியைப் பார்க்கிறார். மோப்பம்தான் போயிற்று, கண் போகவில்லை. காணாமல் போனதென்று தெரிந்தால் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லோர்மேலும் சந்தேகம் விழும். பிறகு அதற்கு ஒரு கதை எழுத வேண்டும்.

இரண்டாவது முடிவு: அலமாரி தீப்பற்றுகிறது. செல்லுலாய்டு பற்றினால் அணைப்பது கஷ்டம், படிப்பதற்கும் நன்றாக இருக்கும். (இந்த இடத்தில் அவர் ஓரத்தில் 'நெருப்பு காட்டாமல் எப்படிப் பற்றும்? காரணம் எழுது' என்று எழுதுவார். சரிதான். எரித்து முடிப்பது சோம்பேறி எழுத்தாளரின் வேலை.)

மூன்றாவது முடிவு: டாக்டர் வருகிறார், பெட்டியைத் திறக்கிறார், மனைவி எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். பேனாக்கள் பிழைக்கின்றன. அவர் பிழைப்பாரா? 'மூக்கு' என்று கூப்பிட்ட வாய்கள் அப்புறம் என்னவென்று கூப்பிடும்?

மேலே சொன்னதில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். 'அவர் ஓரத்தில் எழுதுவார்' என்றேன். அதை விளக்க வேண்டும். விளக்கப் போய்த்தான் இந்தக் கதை என் கையை விட்டுப் போனது.

8

என் கதைகளுக்கு முதல் வாசகர் அவர். நான் எழுதி முடித்ததும் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போக மாட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, கதைக்கு ஏற்ற ஒரு பேனாவைத் தேடி எடுத்து, பச்சை மையில் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். 'இந்த ஆள் இப்படிப் பேச மாட்டான்.' 'சுவர் எத்தனை அடி? கதவு எங்கே?' பிறகு நான் திருத்திப் படியெடுத்துத் தருவதை அவரே உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பார். அவருக்கு ஒப்பாத கதை இதுவரை வீட்டைத் தாண்டியதில்லை.

எந்த முடிவும் ஒட்டாமல், அவர் என்ன குறிப்பு எழுதுவார் என்று ஊகிப்பதற்காகக் கடைசியாக எழுதிய கதைகளின் கைப்பிரதிகளை எடுத்துப் புரட்டினேன். சற்று முன்னால்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

'மழை பெய்ததும் மண் வாசனை எழுந்தது' என்று எழுதியிருந்தேன். அடிக்கோடு. ஓரத்தில்: 'எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் எப்படி இருக்கும்?'

'மருத்துவமனை வாடை.' ஓரத்தில்: 'எப்படிப்பட்டது? விவரம் தேவை.'

'புதுத் துணியின் மணம்.' ஓரத்தில்: 'இன்னும் எழுது.'

அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, நினைவிருக்கிறது. வயசாகிறது, நொரநாட்டியம் கூடிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே புதுத் துணிக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கஞ்சி போட்ட மொடமொடப்பு, அடியில் லேசாக மண்ணெண்ணெய் மாதிரி ஒரு சாய வாடை, கடைக்காரரின் கைச்சூடு, பிரித்ததும் அறை முழுக்கப் பரவி இரண்டு நாளில் காணாமல் போகிற விதம், எல்லாம். அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. தொலைந்துவிட்டது என்றார். பேனா மூடியைக்கூடத் தொலைக்காத மனுஷர்.

காய்ச்சலுக்கு முந்திய கைப்பிரதிகளையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் வாசனைகள் உண்டு. ஓரத்தில் ஒரு குறிப்பு கிடையாது.

அவர் என்னிடம் சொல்லவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. ஆனால் அது தப்பு. ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், வாயால் இல்லை. அலமாரி முன்னால் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாரே, அப்போதும் கேட்டார். நான் சளி என்றேன்.

அவர் கேட்டது காகிதத்தில். பதிலும் அங்கேயே இருக்கட்டும்.

9

இந்தக் கதைக்கு முடிவு எழுதப் போவது நான் இல்லை. கடைசித் தாளில் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அவர் உறையில் போட்டுத் தபாலில் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். டாக்டரின் பெட்டி அலமாரிக்குள் போனதா, நீலப் பேனா பிழைத்ததா என்பதை அதை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். படிக்கவில்லை என்றால், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வெளிக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம். முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுகிறார். தாள்களை மேஜையில் வைக்க வேண்டும். அதற்குள் எழுதக்கூடிய மட்டும் எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் கொஞ்சம் வெளியே இருங்கள், இது அவருக்கு.

ஏங்க.

நீங்க 'எப்படிப்பட்ட வாடை?'ன்னு ஓரத்துல எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன். புளிப்பு இல்ல. கசிஞ்சு போன பழைய பேட்டரியைத் தொட்டுட்டு, அந்த விரலை மூக்குகிட்ட கொண்டுபோனா எப்படி இருக்கும்? அது. முதல்ல மூக்கோட உச்சியில ஊசி மாதிரி ஒரு குத்து. அப்புறம் தொண்டையில வறட்சி. கண்ணு லேசாக் கரிக்கும். அதுக்கு அடியில, ரொம்ப அடியில, கற்பூரம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதனால நீங்க சொன்னது முழுப் பொய்யுமில்ல.

பக்கத்து நீலப் பேனா தவிர மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. முதல் தட்டு முழுக்க மோந்து பாத்துட்டேன், சுத்தமா கற்பூரம். ஆமையோட்டுப் பேனா மட்டும் கற்பூரத்தோட பழைய மரப்பெட்டி வாசனையும் சேந்து அடிக்குது. அத நீங்க முன்னாடி ஒரு தடவ சொன்னீங்க, எனக்கு அப்ப புரியல.

டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னு உங்க இஷ்டம். ஒண்ணும் சொல்ல வேண்டாம்னாலும் சரி. ஆனா அவர் பெட்டி உள்ள போறதுக்கு முன்னாடி, இதப் படிச்சதும், கையில இருக்கற பேனாவ வச்சிட்டு எழுந்திரிங்க. அந்த ரப்பர் பட்டையப் பிச்சி எறியுங்க. இரண்டாவது தட்டு, மூணாவது பேனா, அத வெளிய எடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாத்தையும் பாத்துடலாம். நான் பக்கத்துல சமையலறையிலதான் இருக்கேன், கூப்பிடுங்க.

நீங்க தேய்ங்க. நான் மோந்து சொல்றேன்.